இடது, முழுசு, கட்

என் பெயர் லெம்பி கிவெலா. வயது இருபத்தேழு. மிச்சிகன் மேல் தீபகற்பத்தில் ஸ்டாம்ப் ஹார்பர் ஊரில், ஃபர்னஸ் தெரு 417ஆம் எண் வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். அதே ஊரில் ட்ரெவாரோ மோட்டார் சைக்கிள் கடையில் ஆறு ஆண்டுகளாக மெக்கானிக்காக வேலை செய்கிறேன். மாநிலச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்தை 2022 ஜூன் 21, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஷெரீஃப் அலுவலகத்தின் இரண்டாம் அறையில், டிடெக்டிவ் சார்ஜன்ட் மர்லீன் ஓபெர்க் கேட்க நான் சொல்கிறேன். யாரும் என்னை அழைக்கவில்லை, நானாகவே வந்தேன். நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படலாம் என்றும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றும் சார்ஜன்ட் இரண்டு முறை சொன்னார். வேண்டாம் என்றேன்.

ரஸ் பெல்கோலா என்பவரின் வண்டியில் வேண்டுமென்றே ஒயரை அறுத்து அவரை விபத்துக்குள்ளாக்கியதாக, அவருடைய தம்பி நீல் பெல்கோலா கடந்த ஒரு வாரமாக மாவட்டச் சிறையில் இருக்கிறார். வரும் வியாழக்கிழமை அவர் நீதிபதி முன் நிறுத்தப்படுகிறார். அதற்கு முன் இது பதிவாக வேண்டும் என்பதால் வந்தேன். இந்த மாதம் 15ஆம் தேதி கடைக்கு வந்த ஷெரீஃபின் துணை அதிகாரியிடம் நான் சொன்னது பொய் அல்ல. ஆனால் அவரிடம் நான் காட்டிய வேலை அட்டையில் என் கையெழுத்தில் உள்ள ஒரு வரி உண்மை அல்ல.

கடந்த ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி ரஸ் தன் வண்டியைக் கொண்டுவந்தார். காலைக் குளிரில் விரல்கள் விறைத்துப் போகின்றன என்றும், சூடாகும் கைப்பிடிகள் பொருத்த வேண்டும் என்றும் சொன்னார். அந்த வேலையை நான் செய்தேன். கைப்பிடிகளின் ஒயர்கள் ஹாண்டில்பாரிலிருந்து கீழிறங்கி, ஹாண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் மற்ற ஒயர்களோடு சேர்ந்து பெட்ரோல் டாங்குக்கு அடியில் போகும். அந்த இடத்தில் எல்லாவற்றையும் வண்டிச் சட்டத்தோடு சேர்த்து ஒரு கேபிள் டையால், அதாவது பிளாஸ்டிக் பட்டையால், கட்டினேன். கட்டுவதற்கு முன் ஹாண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். அன்று வண்டி, வேலைக்காக உயர்த்தி வைக்கும் லிஃப்டின் மேல், முன் சக்கரம் இடுக்கியில் இறுக்கப்பட்டு நின்றது. இடுக்கியைத் தளர்த்தாமல் ஹாண்டில்பார் திரும்பாது. நான் தளர்த்தவில்லை. நேராக நின்ற நிலையிலேயே கட்டி, டையின் மிச்ச வாலை நறுக்கிவிட்டேன். அதன் பிறகு பனி விழுந்தது. வண்டி ஏப்ரல் கடைசி வரை ரஸ்ஸின் கொட்டகையில் கிடந்தது.

மே 3ஆம் தேதி ரஸ், வண்டி சில சமயம் நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார். பேட்டரி குளிர்காலத்தில் பலவீனமாகியிருந்தது. அளந்து பார்த்துத்தான் மாற்றினேன். அது சரியான வேலை. ஆனால் அதுவல்ல கோளாறு.

மே 12ஆம் தேதி வியாழக்கிழமை மறுபடி வந்தார். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி உள்ளே வந்ததும் அரை அடி நீளத்துக்குக் காகித டேப் கிழித்து பெட்ரோல் டாங்கின் மேல் ஒட்டி, வண்டிக்காரர் என்ன சொன்னாரோ அதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். என்ன கெட்டுப்போயிருக்கும் என்ற நம்முடைய ஊகத்தை அதில் எழுதக் கூடாது. வேலை முடிந்து எடுத்துப் போகும்போது வண்டிக்காரரே டேப்பை உரித்துவிடுவார். பலர் அதைக் கடை வாசல் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போவதால் அந்தக் கம்பம் முழுக்க டேப்பாக இருக்கும்.

அன்று ரஸ் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற வரை அப்படியே சொல்கிறேன்.

"போஸ்ட் ஆபீசக் கண்டாலே நின்னுடுது லெம்பி. என்னைக் கடுதாசி போடச் சொல்லுது போல. எங்க மாமியாருக்குப் போட்டு ரெண்டு வருஷமாச்சு, அது வண்டிக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு."

கடை முதலாளி ஷெல்பி ட்ரெவாரோ கல்லாவிலிருந்து, "அப்ப வண்டிய இங்க விடாத, மாமியார் வீட்ல விடு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டு டேப்பில் 'சில சமயம் நிற்கிறது' என்று எழுதினேன். போஸ்ட் ஆபீஸை எழுதவில்லை. அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். ரஸ்ஸின் வீட்டிலிருந்து வந்தால், போஸ்ட் ஆபீஸ் முனையில் இடது பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும். அது எனக்குத் தெரிந்த முனை. தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன்.

அதே வகை வண்டிகள் இரண்டு, அந்த வசந்தத்தில் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் பழுதாகி எங்களிடம் வந்திருந்தன. அந்த சுவிட்ச் கெட்டால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் நின்றுவிடும். அதனால் இதுவும் அதுதான் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரியும் என்று நினைத்ததால், பழைய சுவிட்சைக் கழற்றி, மின் இணைப்பைச் சோதிக்கும் மீட்டரில் வைத்துப் பார்க்கவில்லை. கழற்றிக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். எஞ்சினை லிஃப்டின் மேல் இருபது நிமிடம் ஓட விட்டேன். முன் சக்கரம் இடுக்கியில் இருந்தது. வண்டி நிற்கவில்லை. அதன் பிறகு ஓட்டிப் பார்த்தேன். எங்கள் கடையில் ஓட்டிப் பார்ப்பது என்றால் கடையிலிருந்து வலது பக்கம் இறங்கி, அடுத்த முனையில் வலது, அதற்கடுத்ததில் வலது, மறுபடி வலது, கடை வந்துவிடும். ஆறு ஆண்டுகளில் நான் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு வண்டியையும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். அந்தச் சுற்றில் இடது திருப்பமே இல்லை என்பது கடந்த சனிக்கிழமை வரை எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு வண்டியின் வேலை அட்டையில் எழுதினேன்: 'கோளாறு கண்டறியப்பட்டது. சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். மாற்றப்பட்டது. ஓட்டிப் பார்க்கப்பட்டது. சரி.' ரஸ் மூன்றாம் முறை வரவில்லை. ஒருவர் திரும்பி வரவில்லை என்றால் வண்டி சரியாகிவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

சார்ஜன்ட் இந்த இடத்தில், நீல் பெல்கோலாவை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நீல் இரண்டு கோடைகாலம் எங்கள் கடையில் வேலை செய்தார். பிறகு மரம் ஏற்றும் லாரிக்குப் போய்விட்டார். ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். அவர் சாப்பிடும்போது பேசமாட்டார், நான் சாப்பிடும்போது படிப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் எதுவும் இல்லை. நான் என்ன படிப்பேன் என்றும் கேட்கப்பட்டது. அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்பதால் சொல்லவில்லை.

ஜூன் 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை, தொழிற்சங்கக் கூடத்தில் வழக்கமான மீன் வறுவல் சாப்பாட்டுக்கு நான் போயிருந்தேன். அண்ணன் தம்பி இருவரும் எனக்கு அடுத்த மேசையில் இருந்தார்கள். காட்டுக்குள் அவர்களுடைய அப்பா கட்டிய ஒரு கேம்ப், அதாவது ஓய்வு வீடு, இருக்கிறது. இரண்டு அறையும், சானா என்கிற ஒரு நீராவிக் குளியல் அறையும். அதை, எங்கள் தீபகற்பத்தைத் தெற்கோடு சேர்க்கும் பாலத்துக்கு அப்பால் இருந்து வந்த ஒருவருக்கு விற்றுவிட ரஸ் பேசி முடித்திருந்தார். நீலிடம் சொல்லவில்லை. அவர்கள் பேசியதில் என் காதில் விழுந்தது இது.

"அப்பா செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள தெக்கத்தியான் கிட்ட நீட்டிட்டியே. வெக்கமா இல்ல?"

"கூரை ஒழுகுது, நீ ஏறிப் பாத்தியா? கையெழுத்துப் போடு, இல்லன்னா பேசாத. நான் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"எதுல போவ? அந்த வண்டி உன்னப் பாதி வழியில எறக்கி விட்ரும்."

"என் வண்டியத் தொட்ட, கைய ஒடச்சிருவேன்."

"போடா. உன் வண்டிய நான் கவனிச்சுக்கறேன்."

கூடத்தில் இருந்த பலரும் கடைசி வாக்கியத்தை மிரட்டல் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்டபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் இதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் இருந்த இரண்டு கோடையிலும், வரிசையிலிருந்து ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம் நீல் வண்டிக்காரரிடம் சொல்லும் ஒரே வாக்கியம் அதுதான். 'நான் கவனிச்சுக்கறேன்.' அன்று அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பொருளிலும் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 11ஆம் தேதி சனிக்கிழமை காலை எட்டரை மணியளவில் ரஸ் கேம்ப்பிலிருந்து வந்து, நெடுஞ்சாலையில் சிறிது தூரம் போய், பெட்ரோல் பங்குக்குள் நுழைய எதிர்த்தடத்தைக் குறுக்கே கடந்து இடது பக்கம் திரும்பியபோது வண்டி நடுவழியில் நின்று, எதிரே வந்த பிக்கப் வண்டி மோதியது. வலது கால் இரண்டு இடத்திலும் இடுப்பு எலும்பு ஓரிடத்திலும் முறிந்தன. இதை நான் பார்க்கவில்லை. அன்று மதியம் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நான் அப்போது வேறொரு வண்டிக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். மாட்டி முடித்தேன்.

15ஆம் தேதி துணை அதிகாரி கடைக்கு வந்து புகைப்படங்களைக் காட்டினார். வண்டியின் கழுத்தில் ஒயர்களின் மேல் உள்ள ஸ்லீவ் மூன்று அங்குல நீளத்துக்குக் கீறப்பட்டிருந்தது. உள்ளே ஒரு ஒயர் துண்டாகியிருந்தது. ஸ்லீவ் தானாகக் கிழிந்திருக்குமா என்று கேட்டார். இல்லை, அது கத்தியால் கீறியது என்றேன். அது உண்மை. நீல், வண்டியில் கோளாறு இருந்ததாகவும் அதைத் தேடியே திறந்ததாகவும் சொல்கிறாரே, கோளாறு இருந்ததா என்று கேட்டார். நான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "அப்ப கோளாறு ஒரு மாசத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு சரி பண்ணியாச்சு. அவன் தேடறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். அதை நான் மறுக்கவில்லை. அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

17ஆம் தேதி வெள்ளிக்கிழமை, நீலின் லாரியில் ஒரு துண்டு டேப் கிடைத்தது என்றும், அதில் அவர் கையெழுத்தில் தன் திட்டத்தையே எழுதி வைத்திருந்தார் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். பிரேக் கட்டைக்காக வந்த ஒருவர் ஷெல்பியிடம், "இடது, முழுசு, கட். கடைக்குச் சாமான் வாங்கப் போறவன் மாதிரி சீட்டு எழுதி வெச்சிருக்கான் பாரு மடையன்" என்றார். ஷெல்பி, "மூணு வார்த்தைய ஞாபகம் வெச்சுக்க முடியாதவன் கொலை பண்ணக் கிளம்பிட்டானாக்கும்" என்றார். நான் கையிலிருந்த காப்பியைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். பிறகு அதை எடுத்து மறுபடியும் கழுவினேன்.

'இடது ஒயரை முழுசாகக் கட் பண்ணு' என்று அதைப் படிப்பவர்கள், எங்கள் கடையில் வேலை செய்யாதவர்கள். எங்களிடம் அது ஒரு வண்டியின் குறை. இடது பக்கம், முழுசாகத் திருப்பினால், எஞ்சின் கட் ஆகிறது. நாங்கள் அப்படித்தான் சுருக்கி எழுதுவோம். அதை எழுதியவர் ஹாண்டில்பாரைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே போய், அக்டோபர் அட்டையையும் மே அட்டையையும் எடுத்து மேசையில் அருகருகே வைத்தேன். அதன் பிறகு வாசலில் இறங்கி, ஓட்டிப் பார்க்கும் சுற்றை நடந்து வந்தேன். வலது, வலது, வலது, வலது. திரும்பி வந்தபோது ஷெல்பி வந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்குப் பைத்தியமா? ஒரு சுவிட்ச மாத்துன. உலகத்துல சுவிட்ச மாத்திப் பாக்காத மெக்கானிக் எவன் இருக்கான்?"

"மாத்துனது தப்பில்ல ஷெல்பி. கண்டுபிடிச்சேன்னு எழுதுனேன்."

"எல்லாரும் அப்படித்தான் எழுதறோம். நானே ஆயிரம் எழுதியிருப்பேன்."

"உங்க ஆயிரத்துல யாரும் ஜெயில்ல இல்ல."

அவர் கொஞ்ச நேரம் கல்லாவைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு, "அன்னிக்கு வேலை ஜாஸ்தியா இருந்துச்சுன்னு சொல்லு. மே மாசம்னா நம்பிருவாங்க" என்றார். அன்று மழை என்றும், கடையில் இரண்டே வண்டிகள் இருந்தன என்றும் நினைவுபடுத்தினேன். "தெரியும்டி, தெரியும்" என்றார். அதன் பிறகு இரண்டு அட்டைகளையும் ஒரு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "அசலையே எடுத்துட்டுப் போ. நகல் குடுத்தா நான் உள்ள எதையோ திருத்திட்டேன்னு சொல்வானுங்க. திங்கக்கெழம வேலைக்கு வராத. நான் கூப்பிடற வரைக்கும் வராத." அவர் கோபமாகச் சொல்லவில்லை.

அன்று மதியம் தொலைபேசியில் சார்ஜன்ட் ஓபெர்க்கிடம் பேசி, வண்டியைப் பார்க்க அனுமதி கேட்டேன். திங்கட்கிழமை, அதாவது நேற்று காலை பத்து மணிக்குப் பிடிபட்ட வண்டிகள் வைக்கும் கொட்டகைக்கு வரச் சொன்னார். நான் எதையும் தொடப் போவதில்லை என்றும், தொட வேண்டியதை அவரே தொட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். வண்டியில் நான் கைவைத்தால் பிறகு யாரும் என்னை நம்ப வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து அதே கனத்தில் இரண்டு துண்டு ஒயர் கொண்டுபோயிருந்தேன். ஒன்று கத்தியால் வெட்டியது. மற்றொன்று உடையும் வரை மடக்கி நிமிர்த்தியது. இரண்டையும் வெள்ளைத் தாளில் வைத்து, எது எது என்று சொல்லாமல், உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, வண்டியில் துண்டான ஒயரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். சார்ஜன்ட் வெகுநேரம் பார்த்தார்.

"இது கத்தி. நுனியெல்லாம் ஒரே மட்டமா பளபளன்னு இருக்கு. வண்டியில இருக்கறது இந்த இன்னொண்ணு மாதிரி இருக்கு, ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு நீளம், பளபளப்பே இல்லாம. இத நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. மடக்கி நிமித்துனேன். நானூத்திப் பன்னெண்டு தடவ."

"எண்ணுனீங்களா?"

"எண்ணுனேன்."

"உங்க வீட்ல டிவி இல்லையா?"

இல்லை என்றேன்.

அதன் பிறகு, ஸ்லீவுக்குள் துண்டாகாமல் இருக்கும் மற்ற ஒயர்களில் சிவப்பு ஒயரைப் பார்க்கச் சொன்னேன். அதன் மேல்தோலில் கீறலோ வெட்டோ இல்லை என்பதை அவர் கண்ணாடி வைத்துப் பார்த்துப் படமும் எடுத்துக்கொண்டார். அதன் இரு முனைகளிலும் மீட்டரை மாட்டச் சொன்னேன். ஒயருக்குள் செம்பு அறுபடாமல் இருந்தால் மீட்டர் கூவும், அறுந்திருந்தால் கூவாது. ஹாண்டில்பார் நேராக இருந்தபோது கூவியது. முன் சக்கரம் விபத்தில் வளைந்திருந்தாலும் ஹாண்டில்பார் திரும்பியது. சார்ஜன்ட் அதை வலது பக்கம் திருப்பினார், கூவியது. இடது பக்கம் திருப்பினார். பாதி திரும்பும் முன்பே சத்தம் நின்றது. நேராக்கினார், கூவியது. மூன்று முறை அப்படிச் செய்தார். நான்காம் முறை இடது பக்கம் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு, கொட்டகையின் மறு கோடியில் இருந்த காவலரை அழைத்து, "இங்க வந்து கேளுங்க" என்றார். அவர் வந்து, "ஒண்ணும் கேக்கலயே" என்றார். "அதத்தான்" என்றார் சார்ஜன்ட்.

எந்தக் கத்தியும் படாத ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. அந்த இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, ஒயர்களை வண்டிச் சட்டத்தோடு இறுக்கிக்கொண்டு ஒரு பச்சை நிற கேபிள் டை இருக்கிறது. கடையில் பல நிற டைகள் கலந்த பை வாங்குவார்கள். பச்சையை நான் மட்டுமே எடுப்பேன். அதை யார் கட்டியது என்று சார்ஜன்ட் கேட்டார். நான் கட்டியது என்றேன். இடது பக்கம் திரும்பிய ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டு ஒயர்களை இழுத்திருக்கிறது. சிவப்பு ஒயரைப் பிரித்துக் காட்டும்படி அவர் கேட்டபோது மறுத்தேன். அதை மாநிலப் பரிசோதனைக் கூடம் பிரிக்கட்டும். ஸ்லீவ் என்பது ஒயர்களின் மேல் போர்த்திய உறை மட்டுமே. அதைக் கீறியதால் வண்டி நிற்காது. கோளாறு எங்கே என்று சரியாக ஊகித்த ஒருவர், சரியான இடத்தில் திறந்திருக்கிறார். வெளியே பார்த்தால் அன்று ஒயர்கள் நன்றாகவே இருந்திருக்கும்; உள்ளே இற்றுப்போயிருந்த ஒன்று மோதலில்தான் முழுசாகத் துண்டாகியிருக்க வேண்டும். மீட்டர் இல்லாமல் அதற்கு மேல் போக முடியாது.

நீல் சொல்வது முழுவதையும் அதன் பிறகுதான் சார்ஜன்ட் எனக்குச் சொன்னார். ஜூன் 10ஆம் தேதி சாயங்காலம், ரஸ் சானாவில் இருந்த நேரத்தில் கேம்ப் முற்றத்தில் வண்டியைத் திறந்து பார்த்ததாகவும், இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதால் டேப்பில் எழுதி டாங்கின் மேல் ஒட்டிவிட்டு மீட்டர் எடுத்து வரப் போனதாகவும், காலையில் வந்தபோது வண்டி இல்லை, டேப் கேம்ப் கதவில் ஒட்டியிருந்தது, அதை உரித்து லாரியில் போட்டதாகவும் சொல்லியிருக்கிறார். அதை யாரும் நம்பவில்லை. கோளாறு கண்டறியப்பட்டது என்று அட்டை சொல்லும்போது நம்ப வேண்டிய அவசியம் இல்லை. டேப்பைப் பற்றி ரஸ்ஸிடம் கேட்டீர்களா என்று கேட்டேன். மருத்துவமனையில் அவரிடம், தம்பி மிரட்டினானா என்றுதான் கேட்டார்களாம்.

சார்ஜன்ட் அங்கேயே நின்று மருத்துவமனைக்குத் தொலைபேசினார். கைகளில் கையுறை இருந்ததால் போனை வண்டியின் இருக்கை மேல் வைத்துச் சத்தமாகக் கேட்கும்படி விட்டார். அதனால் எனக்கும் கேட்டது.

"ரஸ், சனிக்கெழம காலைல எந்திரிச்சதுல இருந்து வண்டில ஏறுன வரைக்கும் என்னென்ன பண்ணீங்க? வரிசையா சொல்லுங்க. சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல."

"என்னத்தப் பண்ணுவேன்? காப்பி போட்டேன். பால் இல்ல. கொசு கடிச்சுது. டாங்கு மேல டேப்பு ஒண்ணு இருந்துச்சு, அத உரிச்சு கதவுல ஒட்டுனேன். ஏறுனேன்."

"யாரு டேப்பு?"

"யாரு டேப்பா? ட்ரெவாரோ கடைல ஒட்டுவாங்கம்மா, எப்பவும். உரிக்க மறந்துட்டேன் போலன்னு உரிச்சேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"அத எவன் படிப்பான்? கண்ணாடி உள்ள இருந்துச்சு. ஏன்? என்ன எழுதியிருந்துச்சு?"

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். பிறகு, நேரில் வந்து சொல்வதாக ரஸ்ஸிடம் சொல்லிவிட்டு போனை அணைத்தார்.

இந்த வாக்குமூலத்தோடு இரண்டு அசல் அட்டைகளையும், ஒயர்த் துண்டுகள் இரண்டையும் ஒப்படைத்துள்ளேன். மே 12ஆம் தேதி அட்டையில் 'கோளாறு கண்டறியப்பட்டது' என்ற வரியை என் கையால் கோடிட்டு அடித்து, 'கண்டறியப்படவில்லை. ஒரு பாகம் மாற்றப்பட்டது' என்று சார்ஜன்ட் முன்னிலையில் எழுதி இன்றைய தேதி போட்டிருக்கிறேன். இதனால் என் சான்றிதழ் பறிபோகலாம் என்பதும், ரஸ் பெல்கோலா என் மேல் வழக்குப் போடலாம் என்பதும் எனக்கு விளக்கப்பட்டது. அவர் போட்டால் நான் மறுத்துப் பேசப் போவதில்லை.

சார்ஜன்ட் ஓபெர்க் தட்டச்சு செய்ததை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார். ஒரே ஓர் இடத்தில் திருத்தம் கேட்டேன். மே 12ஆம் தேதி நான் சுவிட்சை மாற்றியதைப் பற்றி அவர் முதலில் 'கவனக்குறைவால்' என்று அடித்திருந்தார். எனக்கு நல்லதாக இருக்கட்டும் என்றே அப்படி அடித்ததாகச் சொன்னார். அன்று நான் கவனமாகத்தான் இருந்தேன். ஒவ்வொரு திருகையும் சொன்ன அளவுக்கே முடுக்கினேன், துடைத்தேன், எண்ணெய் இட்டேன். அதனால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'எனக்குத் தெரியும் என்று நினைத்ததால்' என்று போடச் சொன்னேன். அவர், அப்படிப் போட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்றார். போடுங்கள் என்றேன். போட்டார்.

இதில் நான் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறேன். யாருடைய தூண்டுதலும் இல்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) லெம்பி கிவெலா
21 ஜூன் 2022, காலை 11.40

என் முன்னிலையில்,
டிடெக்டிவ் சார்ஜன்ட் மர்லீன் ஓபெர்க்